பின் அறைக்கு வந்த பணம்

மார்ச் 2

உங்களுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். போனில் எத்தனையோ தடவை கேட்கப் பார்த்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். கடிதத்தையாவது பிரித்துப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற கையெழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், சிரிக்க வேண்டாம்.

பணம் வந்துவிட்டது. பக்கத்து மனையில் அடுக்குமாடிக்குத் தோண்டியதில் நம் சுவரெல்லாம் விரிசல் விட்டதே, அதற்கு அந்தக் கட்டடக்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. வழக்கு வேண்டாம், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் சரி என்றேன். போன வருஷக் கடைசியிலேயே வந்துவிட்டது, நான்தான் உங்களிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முன் அறையையும் சமையலறையையும் கொத்தனாரை வைத்துச் சரி செய்துவிட்டேன். பின் அறையைத் தொடவில்லை.

இது வரிக்கணக்கு கொடுக்கிற நேரம். எப்போதும் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள் பார்ப்பீர்கள். இந்தத் தடவை நானே ஜெராக்ஸ் கடை மாடியில் கணக்கு எழுதும் பெண்ணிடம் போனேன். சின்ன வயசுதான், ஆனால் பேச்சு பெரிய மனுஷி மாதிரி. பாஸ்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய தொகை எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்றாள். "வீடு வெடிச்சதுக்கு" என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "ஐயோ, குண்டா?" "இல்லம்மா, சுவரு." அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இது வருமானம் இல்லையாம். ஆனால் இவர்களுக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று அந்தக் கம்பெனி வரி ஆபீசுக்குச் சீட்டு அனுப்பிவிட்டது. நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மறைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கணக்கோடு ஒரு தாள் சேர்த்து வைக்க வேண்டும். என்ன சேதம், எவ்வளவு வந்தது, வீட்டுக்கு நாம் மொத்தம் போட்ட பணம் எவ்வளவு என்று. போட்டதைவிட வந்தது அதிகமானால் அந்த அதிகம் லாபமாம், அதற்கு வரி உண்டாம். வீட்டை நாம் வாங்கின விலை உங்களுக்கே தெரியும், இன்றைக்கு ஒரு கதவு அந்த விலை விற்கிறது. அதனால் பிறகு கட்டினது, சேர்த்தது எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும் என்கிறாள். அது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். பிள்ளைகள் எத்தனை என்று. ஒரே பையன், பத்தொன்பது வயசு, காய்ச்சலில் போய்விட்டான் என்றேன். பேனாவை வைத்துவிட்டாள். மறுபடி எடுத்துக்கொண்டு, "இந்த வருஷமும் வீட்டுக்காரரோட சேர்ந்து ஒரே கணக்குதானேம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 11

கடிதம் வந்தது.

இங்கே இருக்கிறேன், இருப்புக்குக் குறைவில்லை. துறைமுகத்தில் இந்த மாதம் கப்பல் அதிகம். கிரேன் நின்றால் மெக்கானிக்கைத் தேடுகிறார்கள், ஓடினால் யாருக்கும் ஞாபகம் இல்லை. அறையில் என்னோடு ஒரு வெல்டர் இருக்கிறார். அவர் குறட்டை விட்டால் கப்பல் சங்கு கேட்காது.

பணம் உன்னுடையது. அந்தக் கட்டடக்காரன் நம் வாசலிலேயே வந்து நின்று, வீட்டை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டான். கொடுத்துவிடலாம் என்றேன். அந்த வீட்டில் என்னால் கண்ணை மூட முடியவில்லை என்று சொன்னேன். "மூட வேணாம், முழிச்சுக்கிட்டே இருங்க, நான் எங்கயும் வரல" என்று சொன்னது நீ. வைத்துக்கொண்டாய். இனி அதற்கு வந்தது போனதெல்லாம் உன் வீடு, உன் பாடு.

அந்தப் பெண் படித்தவள், சரியாகத்தான் சொல்வாள். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கைக்கு வந்தால் வருமானம். வருமானம் என்றே எழுதி, கேட்கிற வரியைக் கட்டிவிடு. நாளைக்கு ஆபீசிலிருந்து கடிதம் வந்து நிற்க வேண்டாம். தாளைத் தபாலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

சேர்ந்துதான் என்று சொன்னதற்குக் கோபம் இல்லை.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மார்ச் 17

உங்களுக்கு,

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. தையல் மிஷினை மிதிக்கிறவரை இரண்டும் என்னோடுதான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சீசன், உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை.

உன் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன். சரி, உங்கள் கோபம் உங்களோடு.

ஆனால் வருமானம் என்று எழுத மாட்டேன். வரி கட்டப் பயந்து இல்லை. அந்தப் பெண்ணிடம் மறுபடி போய் விளக்கமாகக் கேட்டேன். "வந்த பணத்துக்கு ஏன் வரி இல்ல? ஓசியா?" என்றேன். என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க தைக்கிறவங்கதானே. ஒருத்தங்க சட்டையை நான் கிழிச்சுட்டேன், தையக்கூலியை நானே கொடுத்துட்டேன். அவங்களுக்கு என்ன லாபம்? இருந்த சட்டை இருந்தபடி ஆச்சு, அவ்வளவுதான். இருந்ததை இருந்தபடி ஆக்குற பணத்துக்கு வரி கிடையாதும்மா. மேல ஏதாவது கெடச்சாதான் லாபம்."

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். வரிதான் இல்லையே, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, சட்டத்தில் இருப்பதைச் சொன்னாள். இருந்தது இருந்தபடி ஆகிவிட்டது என்று ஒரு ஆபீசில் எழுதி வைக்கிறார்கள், நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டுகிறேன். அதை நினைத்துத்தான்.

ஆனாலும் இதற்கு ஒத்துக்கொள்வேன். நீங்கள் சொல்வதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். வருமானம் என்று எழுதினால் பையன் நம்மை விட்டுப் போன வருஷத்துக்கு அடுத்த வருஷமே நமக்கு லாபம் வந்தது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. என் கை வராது. உங்களுக்கும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

கம்பெனி கொடுத்த சேதக் கணக்கின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, எந்தெந்த இடத்துக்கு நாம் என்ன செலவு செய்தோம் என்று எழுதுங்கள்.

நான்

மார்ச் 24

சேதக் கணக்கைப் பார்த்தேன்.

முன் அறை, சமையலறை என்று வரிசையாக வருகிறது. கடைசியில், "பின்புறம், பொருள் போட்டு வைக்கும் அறை, ஆள் புழக்கம் இல்லை" என்று இருக்கிறது.

யார் சொன்னது அது பொருள் போட்டு வைக்கும் அறை என்று?

நான் விற்கலாம் என்றபோது என்னைக் கல் நெஞ்சக்காரன் என்றாய். பையன் அறையை யாரிடமோ கொடுத்துவிட்டு நீங்கள் எங்கே போய்த் தூங்குவீர்கள் என்று கேட்டாய். அந்தக் கதவைத் தாண்டிக் குளிக்கப் போக என்னால் முடியாமல்தான் இத்தனை தூரம் வந்து வெல்டர் குறட்டையில் படுத்திருக்கிறேன். நீ காவல் இருக்கிறாய் என்று ஒரு நிம்மதி இருந்தது. கடைசியில் துணி மூட்டை போட்டு வைக்கிற இடமாக ஆக்கிவிட்டாயா? அதற்கு விற்றே இருக்கலாமே. அந்தக் கட்டடக்காரனாவது இடித்திருப்பான். இடித்துவிட்டால் பொருள் வைக்க முடியாது.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் கணக்கு எழுத மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்.

மார்ச் 30

உங்களுக்கு,

துணி மூட்டை எல்லாம் முன் அறையில் கிடக்கிறது. வருகிறவர்கள் தாண்டித் தாண்டித்தான் வருகிறார்கள். என் கட்டில் மேல்கூடச் சீருடை அடுக்கியிருக்கிறேன். பின் அறையில் ஒரு நூல்கண்டுகூட வைத்ததில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து அளவெடுக்க ஒருவர் வந்தார். வெயிலில் வியர்த்து வழிந்து நின்றார், மோர் கொடுத்தேன். ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தார். பின் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். "இதுல யாரு இருக்காங்கம்மா?" என்றார்.

என்ன சொல்வேன்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"இப்போ யாரும் இல்ல" என்றேன்.

"அப்போ சும்மா சாமான் போட்டு வச்சிருக்கீங்களா?"

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும், வீட்டுக்கு வந்த மனிதர் முன்னால் அது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். தாள் வந்தபோது படித்தேன். திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று திருத்தச் சொல்வது? பையன் இருக்கிறான் என்றா?

அறை எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பழகப் போனவனின் டூல்ஸ் பை கொக்கியில் தொங்குகிறது. ஆணியில் நீலச் சட்டை. துவைக்கவில்லை. அவனுக்குப் பேர்தான் சுண்டு, சட்டை உங்கள் அளவுக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கு மேலே விரிசல் மின்னல் மாதிரி இறங்கியிருக்கிறது. காலையில் பெருக்குகிறேன். பெருக்கிவிட்டுக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் மிஷினுக்கு வந்துவிடுவேன். இதுதான் நான் வைத்திருக்கிற பொருள்.

அந்தப் பெண் பின் அறையைத்தான் முக்கியமாகக் கேட்கிறாள். வீடு வாங்கியபின் நாம் கட்டியது அது ஒன்றுதானே. "கட்ட எவ்வளவு கூலி கொடுத்தீங்க?" என்றாள். "கூலி ஏது, அவரே கட்டினார். லீவு நாள்ல எல்லாம் கட்டினார். பையன் கலவை எடுத்துக் கொடுத்தான்" என்றேன். "அப்படின்னா உழைப்பு கணக்குல சேராதும்மா. கல்லு, சிமெண்டு, ஜன்னல், காசு கொடுத்து வாங்கினது மட்டும்தான் சேரும்" என்றாள். "அவ்வளவு உழைச்சாரே!" என்றேன். "அதுக்கு அவரே அவருக்குக் காசு கொடுக்கலையே" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் எழுதாவிட்டால் வாங்கின விலையை மட்டும்தான் போட முடியும். அப்படிப் போட்டால் வந்த பணம் அதைவிட அதிகம். லாபம் என்று தானாகவே விழுந்துவிடும். விழட்டும் என்று நினைத்தால் விட்டுவிடுங்கள்.

நான்

ஏப்ரல் 6

சுண்டு அம்மாவுக்கு,

கீழே எழுதியிருக்கிறேன். விலை ஞாபகம் இருந்ததைப் போட்டிருக்கிறேன். ரசீதெல்லாம் அலமாரி மேல்தட்டில் என் பழைய ஷூ பெட்டியில் இருக்கும், சரிபார்த்துக்கொள்.

செங்கல், முதல் லோடு. இரண்டாவது லோடு பாதி உடைந்து வந்தது. டிரைவரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது சுண்டு பாட்டுக்கு உடையாததை எல்லாம் தனியாக அடுக்கிவிட்டான். அதற்குப் பாதிப் பணம்தான் கொடுத்தோம், பாதியைப் போடு.

சிமெண்ட், மணல். மணல் தெருவில் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பூனை அதைத் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டது. அதைச் சலித்தது அவன்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பூனைக்கும் பங்கு எழுதிக் கொடுத்துடலாம்" என்றான்.

ஜன்னல், ஒன்று. நான் சுவரில் விட்ட இடம் சிறியது, வாங்கின ஜன்னல் பெரியது. கிரேனுக்கு மயிரிழை பார்த்து அளவெடுக்கிறவன், சொந்த வீட்டு ஜன்னலுக்குத் தப்பாக எடுத்தேன். மறுபடி இடித்துக் கட்டினேன். அதற்கு ஆன சிமெண்டையும் சேர். அவன் உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தான். சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மின்சார ஒயர், சுவிட்ச், பல்பு. அது அவன் செலவு. ஒர்க்‌ஷாப்பில் முதல் மாதம் கொடுத்த பணத்தில் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டான். அதையும் எழுதலாமா என்று கேள். எழுதச் சொல்லி நான் கேட்டதாகச் சொல்.

அறை விஷயத்தில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வராது. நான் போனை எடுக்காதது உன் மேல் உள்ள கோபத்தில் இல்லை. நேரில் நீ பேசும்போது தெரியாது. போனில் நீ ஹலோ என்கிறபோது அவன் சொல்கிற மாதிரியே இருக்கிறது. அதே இழுப்பு. முதல் தடவை எடுத்தபோது, "டேய்" என்று சொல்லிவிட்டேன். நீ கவனிக்கவில்லை. அதற்கப்புறம் என்னால் எடுக்க முடியவில்லை.

ஏப்ரல் 12

சுண்டு அப்பாவுக்கு,

நான் கவனித்தேன். பக்கத்தில் யாரையோ அதட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை மிஷின் மேலேயே வைத்து வைத்துப் படித்தேன். இரண்டு சீருடைக்குக் கை மாறித் தைத்துவிட்டேன், பிரித்துத் தைக்க வேண்டும். இத்தனை மாதமாக நீங்கள் என் முகத்தை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். என் குரலுக்குப் பயந்து ஓடுகிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நான் பேசுவது கேட்காதே. கேட்டால் நானே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பேன். ஹலோ ஹலோ என்று தனியாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் காதைப் பொத்திக்கொள்கிறீர்கள்.

மறுபடி போன் செய்வேன். எடுங்கள். அவன் மாதிரி இருந்தால் இருக்கட்டும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருங்கள்.

ஜன்னல் கதை எனக்கு அன்றைக்கே தெரியும். சத்தியம் செய்த வாய் சாப்பாட்டுத் தட்டு முன்னால் தாங்கவில்லை.

கணக்கு முடிந்துவிட்டது. ஷூ பெட்டியில் ரசீது முக்கால்வாசி இருந்தது. அவன் வாங்கின ஒயரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் தயங்கினாள். "பையன் பணம்னா உங்க செலவுல வராதும்மா" என்றாள். அப்புறம், "அது இல்லாமலே போதும், வந்ததைவிட நீங்க போட்டது அதிகம்தான். லாபம்னு ஒண்ணும் வரல" என்றாள். ரிப்பேருக்கு ஆகிற செலவு போக மிச்சம் இருக்கும் பணத்தை வீட்டின் விலையில் கழித்து எழுத வேண்டும், பிற்காலத்தில் வீட்டை விற்றால் அந்தக் குறைந்த விலைதான் கணக்கு என்றாள். விற்கப் போகிறவர்கள் பயப்படட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது. குத்திச் சொன்னதாக நினைக்காதீர்கள்.

இணைப்புத் தாளில் சேதமான இடத்தை நாமே நம் வார்த்தையில் எழுதலாமாம். கம்பெனி எழுதினதையே எழுத வேண்டும் என்று இல்லையாம். அந்த இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

கொத்தனார் பின் அறைக்கு நாள் கேட்கிறார். விரிசல் அகலமாகிக்கொண்டே போகிறது, மழைக்கு முன்னால் கொத்திப் பூச வேண்டும் என்கிறார். பூச வேண்டும் என்றால் அறையை ஒழிக்க வேண்டும். சட்டையை ஆணியிலிருந்து எடுக்க வேண்டும். கட்டிலை வெளியே கொண்டுவர வேண்டும். கொத்தனார் ஆள் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நான் ஒரு பக்கம் தூக்குவேன், முழங்கால் தாங்கும். இன்னொரு பக்கம் யாரோ ஒருவர் தூக்க எனக்குப் பிடிக்கவில்லை.

தாளைத் தபாலில் அனுப்பினால் போதும், கையெழுத்துப் போட்டு வந்துவிடும் என்கிறாள் அந்தப் பெண். நானும் கவரில் போட்டு, உங்கள் விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிவரை போனேன். போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நான்

ஏப்ரல் 17

சுண்டு அம்மாவுக்கு,

கட்டிலைத் தனியாக இழுத்து வைக்காதே. சட்டையை எடுக்காதே.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்.

மே 9

சுண்டு அப்பாவுக்கு,

போய்ச் சேர்ந்ததற்குப் போன் செய்தீர்கள். நான் ஹலோ என்று சொன்ன பிறகு அந்தப் பக்கம் வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். மூச்சு கேட்டது. அது போதும்.

வரி ஆபீசிலிருந்து சீட்டு வந்துவிட்டது. கணக்கு கிடைத்தது, கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை என்று போட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் எழுதின மாதிரி யாரும் எழுதினதில்லம்மா" என்றாள். காலியாக விட்ட இடத்தில் நீங்கள் எழுதினது: "பின் அறை, எங்கள் மகன் தங்கும் அறை." இருந்த அறை என்று எழுதினால் போதும் என்று அவள் சொன்னபோது, "நான் கட்டினேன், எனக்குத் தெரியாதா?" என்று நீங்கள் குரலை உயர்த்தியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். ஆபீசில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லையாம்.

நீங்கள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. நீங்கள் இருந்த நாட்களில் உங்கள் செருப்பு, உங்கள் துண்டு, சிமெண்ட் கை பட்ட டம்ளர் என்று எங்கே பார்த்தாலும் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சலித்துக்கொண்டேன்கூட. இப்போது எடுத்து வைக்க ஒன்றும் இல்லை. மாற்றல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன் என்றீர்கள். கிடைக்குமா, எப்போது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

பூச்சு வெடிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிக்கச் சொன்னீர்கள். அடிக்கிறேன். குவளையில் எடுத்து, மேலே எட்டாத இடத்துக்குக் கையால் விசிறி. தண்ணீர் பட்டதும் சுவர் கறுத்து, கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடுகிறது. விரிசல் இருந்த இடம் எது என்று தேடினால் தெரியவில்லை. நீங்கள் பூசின பக்கம் எது, கொத்தனார் பூசின பக்கம் எது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

இன்று கொத்தனார் மிச்சச் சாமானை எடுக்க வந்தார். தட்டிப் பார்த்துவிட்டு, "சுவர் பிடிச்சிருச்சும்மா, இனிமே தண்ணி வேணாம்" என்றார். சரி என்றேன். அவர் போனதும் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நீங்கள் வந்து போதும் என்று சொல்கிறவரை அடிப்பேன்.

நான்